பன்னிரண்டு வாங்குகள்

மணற்குடாப் பிரதேச சபையின் மாதாந்தக் கூட்டம் மூன்றாவது வியாழக்கிழமை காலை ஒன்பதரைக்குத் தொடங்கும். பத்தே முக்காலுக்கு ரோல்ஸும் பால் விடாத பிளேன்ரீயும் வரும். அவை வந்தால் கூட்டம் முடிந்தது. சபை அமைந்து ஒன்பது மாதத்தில் இந்த ஒழுங்கு ஒருநாளும் பிசகவில்லை. தவிசாளர் சோமசேகரம் கூட்டுறவுச் சங்கத்தில் முப்பது வருடம் முகாமையாளராக இருந்து இளைப்பாறியவர். ஆறின ரோல்ஸும் உயர்ந்த குரலும் அவருக்கு ஆகாது.

பதின்மூன்று உறுப்பினர்கள் கூடி இருபது விடயங்களை ஒன்றேகால் மணித்தியாலத்தில் முடிப்பதென்றால் அதற்கொரு வழி வேண்டும். வழியைக் கண்டுபிடித்தவர் கூட்ட அறிக்கை எழுதுகிற உத்தியோகத்தர் இஹ்ஸான். ஒரு தீர்மானத்தை ஒருவர் முன்மொழிய வேண்டும், இன்னொருவர் வழிமொழிய வேண்டும். யார் கை தூக்குவதென்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தால் நேரம் போய்விடும். ஆகவே அவர் பெயர்களைச் சுற்றுமுறையில் வரிசைப்படுத்தி, ஆளுக்கொரு துண்டுக் கடுதாசியில் இலக்கங்களை எழுதி, கூட்டத்துக்கு முன்னரே மேசையில் வைத்துவிடுவார். ‘மு 3, வ 9’ என்றிருந்தால் மூன்றாம் விடயத்தை முன்மொழிந்து ஒன்பதாம் விடயத்தை வழிமொழிய வேண்டும். இதில் ஆளுங்கட்சி எதிர்க்கட்சி என்ற பேதம் இல்லை. எதிர்த்துப் பேச வேண்டியவர்கள் எதிர்த்துப் பேசுவார்கள். பேசி முடித்துவிட்டுத் துண்டில் உள்ளபடி கையைத் தூக்குவார்கள்.

சிவாஜினியின் துண்டில் எப்போதும் ‘வ’ மட்டுமே இருந்தது. வட்டாரத்தில் வென்று வந்தவர்களுக்கு ‘மு’, கட்சிப் பட்டியலால் வந்தவர்களுக்கு ‘வ’ என்பது யாரும் எழுதி வைக்காத ஒழுங்கு. அவள் பெண்கள் பட்டியலால் வந்தவள். சோமசேகரம் வீடு தேடி வந்து, தையல் மெசினுக்குப் பக்கத்தில் கதிரையைப் போட்டு இருந்து, “ஒரு பேர் தா பிள்ளை, மிச்சத்தை நாங்கள் பாக்கிறம்” என்று கேட்டபோது கொடுத்த பெயர் அது. ‘வ’ என்பதை அவள் குறைவாக நினைக்கவில்லை. மாதாமாதம் தடித்த உறையில் கூட்ட அறிக்கை வீட்டுக்கு வரும். தன் பெயர் இருக்கிற வரியைத் தேடிப் பிடித்துப் பேனையால் கோடிட்டு, அலுமாரியில் சேலைகளுக்குக் கீழே வைப்பாள். பாடசாலைச் சீருடைகளுக்குக் கைமடிப்பு வைத்துக் கொண்டிருந்த ஒருத்திக்கு, அச்சில் தன் பெயரைக் காண்பது சின்ன விசயம் அல்ல.

தைமாதக் கூட்டத்தில் அவளுடைய துண்டில் ‘வ 7’ என்று இருந்தது. ஆனால் அன்று அவள் மனம் முழுக்கப் பதினோராம் விடயத்தில் இருந்தது. தன் வீட்டுக்குப் போகிற இருட்டு ஒழுங்கைக்கு ஒரு தெருவிளக்கு வேண்டுமென்று நாலு மாதமாகக் கேட்டுக் கொண்டிருந்தாள். அது அன்றைக்குத்தான் நிகழ்ச்சி நிரலில் ஏறியிருந்தது. எந்தக் கம்பத்தில் போடச் சொல்லலாம், புளியமரத்துக் கொப்பு மறைக்குமோ என்று யோசித்துக்கொண்டிருந்தபோது ஏழாம் விடயம் வந்தது. ‘கடற்கரை அழகுபடுத்தல், முதலாம் கட்டம். பன்னிரண்டு கொங்கிறீற் வாங்குகளும் நான்கு மின்கம்பங்களும் அமைத்தல். இடம்: இணைப்பு 3.’ சபையில் வயதில் குறைந்தவனான வினோதன் எழும்பி, நிலாவெளிப் பக்கம் வருகிற வெளிநாட்டுக்காரர் சூரியன் உதிக்கிறதைப் பார்க்க இங்கேயும் வருவார்கள் என்று விளக்கினான். ஆட்கள் வந்து இருக்க ஒரு வாங்கு, நல்லதுதானே என்று சிவாஜினி நினைத்தாள். இணைப்பு மூன்றைத் திருப்பிப் பார்க்கவில்லை. கையைத் தூக்கினாள். அன்று வினோதனின் விளக்கம் நீண்டுபோனதில், பதினோராம் விடயத்துக்கு வருமுன் ரோல்ஸ் வந்துவிட்டது. தெருவிளக்கு அடுத்த கூட்டத்துக்குத் தள்ளப்பட்டது.

மாசி பிறந்தது. வாடைக்காற்று ஓய்ந்து கடல் படுக்கத் தொடங்கியிருந்தது. கரைவலைக்காரருக்கு இது ஆயத்தம் செய்கிற காலம். சிவாஜினியின் புருசன் லோஜன் கரைவலைச் சம்மாட்டி, வலைக்குச் சொந்தக்காரன். தகப்பன் விட்டுப்போன வலை, தகப்பன் வலை இழுத்த அதே கரைத்துண்டு, நாவலடிப் பாடு. இருபத்திரண்டு பேர் அந்த வலையால் சோறு தின்கிறார்கள். மழைக்காலம் முழுக்கக் கரையோரக் கொட்டிலான வாடிக்குள் கிடந்த கயிறுகளை வெயிலில் விரிக்கலாம் என்று ஒரு காலை கரைக்குப் போனவன், மணலில் சிவப்புப் பெயின்ற் அடித்த கட்டைகள் வரிசையாக அறையப்பட்டு நிற்பதைக் கண்டான். எண்ணிப் பார்த்தான். பன்னிரண்டு.

வீட்டுக்கு வந்து, கிணற்றடியில் கால் கழுவி, குசினி வாசலில் வந்து இருந்தான். சிவாஜினி புட்டும் கருவாட்டுக் குழம்பும் எடுத்து வைத்தாள். சாப்பாட்டுக் கோப்பையைத் தொடாமல் சட்டைப் பையிலிருந்து ஒரு மடித்த தாளை எடுத்தான். அளக்க வந்த பெடியனிடம் கேட்டு வாங்கிய பிரதி. அடியில் இருந்த வரியில் விரலை வைத்தான். முன்மொழிந்தவர்: கு. வினோதன். வழிமொழிந்தவர்: லோ. சிவாஜினி.

“ஏழாம் நம்பர் என்னெண்டு தெரியுமோ உனக்கு?” என்றான்.

“வாங்கு போடுறது.”

“எங்க?”

அவள் அந்தத் தாளில் இடத்தைத் தேடினாள்.

“வலை இழுக்கிறவன் முன்னுக்குப் பாத்து நடக்கிறேல்லை, சிவா. இடுப்பில கயித்தைக் கொழுவிக்கொண்டு பின்னுக்கு நடக்கிறவன். தண்ணிக் கரையில இருந்து மேட்டு மணல்வரைக்கும் பின்னுக்குத்தான் நடை. அவன்ர முழங்காலுக்குப் பின்னால வாங்கைக் கொண்டுபோய் வைச்சிருக்கிறாய்.”

“எனக்கு இடம் தெரியாதுங்கோ.”

“தெரியாமலோ கையை உயத்தினனீ?”

அவன் குரலை உயர்த்தவில்லை. புட்டைக் குழைத்தபடி, கணக்குச் சொல்வதுபோலச் சொன்னான்.

“கயித்தில கை வைச்சவைக்குக் கூறு உண்டு. அது எங்கட வழக்கம். றோட்டால போற ஆள் வந்து ஒரு இழுப்பு இழுத்தாலும் கறிக்கு மீன் குடுத்துத்தான் விடுறது. நீயும் கை வைச்சிருக்கிறாய். உன்ர கூறு உனக்கு வரும்.”

அதற்குப் பிறகு ஒரு கிழமை அவன் அவளோடு கதைக்கவில்லை. பிளேன்ரீ வேண்டுமென்றால் கேட்பான், சட்டை எங்கே என்று கேட்பான். அவ்வளவுதான். இரவில் கடல் இரையும் சத்தம் வீட்டுக்குள் கேட்கும். இரண்டு பேரும் நித்திரை இல்லை என்பது இரண்டு பேருக்கும் தெரியும்.

ஊரில் கதை பரவ அதிக நேரம் எடுக்கவில்லை. தண்ணீர்க் குழாயடியில் கனகமணி சிவாஜினியைப் பிடித்துக்கொண்டாள். புருசனை இழந்த பிறகு பதினெட்டு வருடமாக லோஜனின் வலையில் கயிறு பிடிக்கிறவள். இடக்கைப் பக்கத்துக் கயிற்றில் கடைசி ஆளாக நின்று அவள் இழுத்தால்தான் கயிறு நேராக வரும் என்று பெடியள் சொல்வார்கள்.

“என்ன பிள்ளை, எங்களுக்கு வாங்கு போடுறியாம்,” என்றாள் குடத்தைக் குழாய்க்குக் கீழே நகர்த்தியபடி. “நல்ல விசயம். தொழில் இல்லாட்டி இருந்து கடலைப் பாக்க ஒரு இடம் வேணுந்தானே.”

சிவாஜினி சிரிக்கப் பார்த்தாள், முடியவில்லை. தனக்குத் தெரியாமல் நடந்ததென்று சொன்னாள்.

“தெரியாட்டிக் கேக்கிறதுக்குத்தானே உன்னை அனுப்பினது. உன்ர பேர் பட்டியலில கிடக்கெண்டுதான் நான் உங்கட கட்சிக்குப் போட்டனான்,” என்றாள் கனகமணி. குடம் நிரம்பியது. அதை இடுப்பில் வைத்துக்கொண்டு போய்விட்டாள்.

அன்று பகல் சிவாஜினி தையலைத் தொடவில்லை. அலுமாரியைத் திறந்து ஒன்பது மாதத்து அறிக்கைகளையும் எடுத்துப் பாயில் பரப்பினாள். முதன்முதலாகத் தன் பெயர் இல்லாத வரிகளையும் வாசித்தாள். தெருவில் அலையும் கட்டாக்காலி மாடுகளைப் பிடித்துக் கட்டும் இடத்தை அவள் வழிமொழிந்திருந்தாள். சவம் புதைக்கிற சவக்காலைப் படலைக்குப் பூட்டுப் போடுவதை வழிமொழிந்திருந்தாள். சந்தைக் கழிவைக் கொட்ட ஒரு காணியை வழிமொழிந்திருந்தாள். அந்தக் காணி எங்கே இருக்கிறதென்று இப்போதும் அவளுக்குத் தெரியவில்லை. வாசிக்க வாசிக்க இன்னொன்றும் கண்ணில் பட்டது. அநேகமான அறிக்கைகளின் கடைசிப் பக்கத்தில் ஒரே வசனம் இருந்தது. ‘தாய் சேய் நிலையத்தில் இருக்கை வசதி இல்லை என உறுப்பினர் ஸுல்பிகா தெரிவித்தார். கவனத்திற் கொள்ளப்பட்டது.’ எதிர்க்கட்சி வரிசையில் இருக்கிற ஸுல்பிகா ஏதோ சொல்வதும், அந்த நேரம் ரோல்ஸ் தட்டு வாசலில் தெரிவதும் சிவாஜினிக்கு ஞாபகம் வந்தது. எண்ணினாள். ஏழு தரம் கவனத்திற் கொள்ளப்பட்டிருந்தது.

திங்கட்கிழமை சபைக் கந்தோருக்குப் போனாள். இஹ்ஸான் கணினிக்கு முன்னால் இருந்தார். அவளைக் கண்டதும் எழும்பிக் கதிரை போட்டார். ஏழாம் விடயத்தை நிற்பாட்ட வழி இருக்கிறதா என்று கேட்டாள்.

“நிறைவேத்தின தீர்மானம், அக்கா. சும்மா மாத்த ஏலாது,” என்றார் இஹ்ஸான். கொஞ்சம் யோசித்து, வாசல் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டுச் சொன்னார். “ஆனா வேலைக் கட்டளை இன்னும் போகேல்லை. இந்த வியாழக்கிழமை போன கூட்டத்திட அறிக்கை உறுதியாகவேணும். அந்தப் பிரதி இல்லாமல் ஓர்ஸ் ஹில் மாகாணக் கந்தோரில ஒரு கடுதாசியும் அசையாது.”

அவர் சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவளுடைய பார்வை கணினித் திரையில் போய் நின்றது. மேலே வியாழக்கிழமைத் திகதி இருந்தது. இன்னும் நடக்காத கூட்டத்தின் அறிக்கை. ‘சென்ற கூட்ட அறிக்கை வாசிக்கப்பட்டு, கலந்துரையாடப்பட்டு, ஏகமனதாக உறுதிப்படுத்தப்பட்டது. வழிமொழிந்தவர்: லோ. சிவாஜினி.’

“இது வியாழக்கிழமை நடக்கப்போறதெல்லோ தம்பி?”

இஹ்ஸானின் முகம் சுருங்கிப்போனது. நேரத்தை மிச்சம் பிடிக்கத்தான் அக்கா என்றார். துண்டு எழுதும்போதே அறிக்கையையும் அடித்து வைத்துவிடுவதாகவும், கூட்டம் முடிந்ததும் திருத்த வேண்டியதைத் திருத்துவதாகவும், இதுவரைக்கும் திருத்தப் பெரிதாக ஒன்றும் வரவில்லை என்றும் சொன்னார். கள்ளம் செய்கிற மனுசன் இல்லை அவர். வேலையை முன்கூட்டியே முடிக்கப் பழகிய மனுசன்.

“நான் கையைத் தூக்காட்டி?” என்று கேட்டாள்.

“அப்பிடி ஒருநாளும் நடக்கேல்லை அக்கா.” திரையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். “உங்கட பேரை வேறொண்டுக்கு மாத்திவிடட்டோ?”

“வேண்டாம் தம்பி. அப்பிடியே இருக்கட்டும்.”

வியாழக்கிழமை அவள் நீலக் கரைச் சேலை உடுத்து, அறிக்கைகள் அத்தனையையும் ஒரு சீலைப் பையில் போட்டுக்கொண்டு போனாள். புறப்படும்போது லோஜன் முற்றத்தில் வலையின் கிழிசலைப் பொத்திக் கொண்டிருந்தான். எங்கே என்று கேட்கவில்லை. ஆனால் பையைப் பார்த்தான்.

சபை மண்டபத்தில் மின்விசிறி கிரீச்சிட்டுச் சுற்றியது. மேசையில் துண்டு இருந்தது. ‘வ 2’. மௌனப் பிரார்த்தனை முடிந்ததும் தவிசாளர் மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, இரண்டாம் விடயம், சென்ற கூட்ட அறிக்கையை உறுதிப்படுத்தல் என்றார். முன்மொழிபவர் கையைத் தூக்கிவிட்டுத் தொலைபேசியைப் பார்க்கப் போய்விட்டார். தவிசாளர் அடுத்த தாளைக் கையில் எடுத்தபடி சிவாஜினியின் பக்கம் தலையை ஆட்டினார்.

கை மேலே வரவில்லை.

“உறுப்பினர் சிவாஜினி,” என்றார் தவிசாளர், நித்திரையில் இருப்பவரை எழுப்புகிற மாதிரி.

“நான் வழிமொழியேல்லை, ஐயா.”

இஹ்ஸானின் பேனை நின்றது. வேறு யாரும் வழிமொழிகிறீர்களா என்று தவிசாளர் கேட்டார். எல்லோரும் தங்கள் தங்கள் துண்டைப் பார்த்தார்கள். ஒருவரிடமும் இரண்டாம் இலக்கம் இல்லை. பின்வரிசையில் ஒருவர் கையைப் பாதி தூக்கி, பிறகு இறக்கி, “அப்ப என்ர அஞ்சு ஆருக்குப் போகும்?” என்று பக்கத்தில் இருந்தவரைக் கேட்டார். அவருக்கும் தெரியவில்லை.

“பிள்ளை,” என்றார் தவிசாளர் தணிந்த குரலில், “இது அறிக்கை சரியோ பிழையோ எண்டு பாக்கிற இடம். தீர்மானத்தைப் பற்றிக் கதைக்கிற இடமில்லை.”

“ஓம் ஐயா. அறிக்கை பிழை. அதைத்தான் சொல்லுறன்.” அவள் எழும்பி நின்றாள். தாளை மேசையில் வைத்து, விரலால் பிடித்துக்கொண்டு வாசித்தாள். “ஏழாம் விடயம். ‘உறுப்பினர்கள் கலந்துரையாடி, இடம் தொடர்பான வரைபடத்தைப் பரிசீலித்து, ஏகமனதாக.’ நாங்கள் கலந்துரையாடேல்லை ஐயா. வரைபடம் இணைப்பு மூண்டில கிடக்கு. நான் அதைத் திருப்பியும் பாக்கேல்லை. பாக்காமல்தான் கையைத் தூக்கினனான். அது என்ர பிழை. ஐயா பாத்தனீங்களோ?”

சபையில் தவிசாளரைப் பார்த்து இப்படி யாரும் கேட்டதில்லை. கோபித்துக்கொள்ள அவருக்கு இடம் இருந்தது. ஆனால் முப்பது வருடம் கையிருப்பு எண்ணிக் கையெழுத்து வைத்த மனுசன் அவர். தன் பிரதியை எடுத்துப் பின்பக்கத்தைத் திருப்பினார். இணைப்பு இரண்டும் மூன்றும் அச்சிலிருந்து வந்தபடி ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன. நகத்தால் பிரித்தார். வரைபடத்தைக் கொஞ்சநேரம் பார்த்தார்.

“இல்லை,” என்றார். “நானும் பாக்கேல்லை.”

அதற்குப் பிறகு மண்டபத்தில் தாள் புரளும் சத்தம் மட்டும் கேட்டது. மற்றவர்கள் எல்லோரும் இணைப்பு மூன்றைத் தேடினார்கள். தேடும்போது வேறு பக்கங்களும் கண்ணில் பட்டன. ஒருவர் தன் வட்டாரத்து மதகு கட்டி முடிந்துவிட்டதாக எழுதியிருக்கிறதே, அங்கே ஒரு கல்லும் வந்து இறங்கவில்லையே என்றார். இன்னொருவர் தான் கூட்டத்துக்கே வராத நாளில் நன்றியுரை சொன்னதாக இருக்கிறதென்றார். அது நல்ல நன்றியுரைதான் என்று யாரோ சொல்லச் சிரிப்பு எழுந்தது. பத்தே முக்காலுக்கு வாசலில் ரோல்ஸ் தட்டு தெரிந்தது. தவிசாளர் அதைப் பார்த்தார். எல்லோரும் தவிசாளரைப் பார்த்தார்கள்.

“அங்கால வையுங்கோ,” என்றார் அவர்.

வினோதன் எழும்பினான். அவனுக்குக் கோபத்தைவிட மனவருத்தம்தான் அதிகம். பங்குனி முடிவதற்குள் வேலை முடியாவிட்டால் ஒதுக்கீடு திரும்பிப் போய்விடும், பிறகு ஊருக்கு வாங்கும் இல்லை விளக்கும் இல்லை என்றான். வலை இழுப்பது காலையில் இரண்டு மணித்தியாலம்தானே, வாங்குக்கு இடையால் போகலாமே என்றும் கேட்டான்.

கயிறு எப்படி இழுபடுகிறதென்று சிவாஜினி சொன்னாள். வள்ளம் அரைவட்டமாக வலையை வளைத்துவிட்டு வரும். இரண்டு பக்கத்துக் கயிற்றையும் இரண்டு கூட்டம் பிடிக்கும். பின்னுக்கு நடந்து மேட்டுக்குப் போனவன் கயிற்றைக் கழற்றிவிட்டு மறுபடி தண்ணிக்கரைக்கு ஓடுவான். இழுக்க இழுக்க இரண்டு கூட்டமும் ஒன்றையொன்று நோக்கி நகரும். மீன் சேர்கிற மடி கரைக்கு வரும்போது அந்தக் கரைப்பாட்டின் முழு நீளத்தையும் அவர்களின் கால் மிதித்திருக்கும். பின்னுக்குக் கண் இல்லாதவர்கள் நடக்கிற இடம் அது. அவள் லோஜன் சொன்னதைத்தான் சொன்னாள். ஆனால் வரைபடத்தில் விரலை வைத்து, ஒவ்வொரு வாங்காகக் காட்டிச் சொன்னாள்.

“வாங்கு வேண்டாமெண்டு நான் சொல்லேல்லை,” என்றாள் கடைசியில். சீலைப் பையிலிருந்த அறிக்கைகளை ஒவ்வொன்றாக எடுத்து, கடைசிப் பக்கத்தைத் திருப்பி மேசையில் அடுக்கினாள். “இதில ஏழு தரம் எழுதிக் கிடக்கு. தாய் சேய் நிலையத்தில இருக்க இடமில்லை எண்டு ஸுல்பிகா ராத்தா சொன்னவ. ஏழு தரமும் கவனத்தில எடுத்திருக்கிறம்.”

ஸுல்பிகா எதிர் வரிசையிலிருந்து அவளை நிமிர்ந்து பார்த்தா. சிவாஜினியோடு அவ இதுவரை சலாமுக்கு மேல் கதைத்ததில்லை.

“எட்டுத் தரம்,” என்றா ஸுல்பிகா. “ஒரு தரம் எழுதாம விட்டுட்டாங்க. வயித்துல புள்ளையோட மூணு மணித்தியாலம் நிக்கிறாளுவள், தவிசாளர். போன மாசம் ஒருத்தி மயங்கி விழுந்தா. சூரியன் உதிக்கிறதைப் பாக்க வாறவங்க மணல்லயும் இருப்பாங்க.”

செயலாளர் ஒழுங்குவிதிப் புத்தகத்தைப் புரட்டி, நிறைவேற்றிய ஒன்றைத் திரும்ப எடுப்பதென்றால் பாதிக்கு மேற்பட்டவர்களின் கையெழுத்து வேண்டும் என்று வாசித்தார். அதாவது ஏழு. இஹ்ஸான் துண்டுகளின் மிச்சக் கடுதாசியில் ஒன்றை எடுத்துக் கோடு போட்டார். முதல் கையெழுத்து சிவாஜினியுடையது, இரண்டாவது ஸுல்பிகாவுடையது. தாள் மேசையைச் சுற்றியது. ஆறில் வந்து நின்றது. மற்றவர்கள் தவிசாளரின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் முகத்தில் ஒன்றும் இல்லை. தாள் வினோதனுக்கு முன்னால் கிடந்தது.

“நான் முன்மொழிஞ்சதை நானே மாத்திறதோ?” என்றான் அவன்.

“மாத்த வேண்டாம் தம்பி,” என்றாள் சிவாஜினி. “இடத்தை மட்டும் மாத்துவம். எட்டு வாங்கு தாய் சேய் கிளினிக்குக்கு. நாலு வாங்கும் விளக்குகளும் மேல றோட்டோரம், பஸ் நிக்கிற இடத்தில. அங்க இருந்தாலும் கடல் தெரியும். பேர் உங்கட பேர்தான்.”

அவன் யோசித்தான். “திறப்புவிழாக் கல்வெட்டில என்ர பேர் வருமோ?”

“கிளினிக்கிலயும் வரும்,” என்றா ஸுல்பிகா.

“கலியாணம் முடிக்காதவன்ர பேரைத் தாய் சேய் நிலையத்தில போட்டா ஊர் என்ன கதைக்கும்,” என்று பின்வரிசைக்காரர் சொன்னார். சபை சிரித்தது. வினோதனும் சிரித்தான். சிரித்தபடியே, ஒரு நிபந்தனை, கல்வெட்டு றோட்டோரத்தில் மட்டும் என்று சொல்லிவிட்டுக் கையெழுத்து வைத்தான். அவனுக்குப் பிறகு நாலு பேர் வைத்தார்கள்.

புதுத் தீர்மானத்தை முன்மொழிந்தவர் யார் என்று தவிசாளர் கேட்டார். சிவாஜினி கையைத் தூக்கினாள். வழிமொழிய ஸுல்பிகா தூக்கினா. இஹ்ஸான் கையால் எழுதினார். அப்போது நேரம் ஒன்று பத்து. மிகுதி விடயங்கள் அடுத்த மாதத்துக்குத் தள்ளப்பட்டன. அதில் தெருவிளக்கும் ஒன்று.

ஆறின ரோல்ஸைத் தின்றுகொண்டு தவிசாளர் படியில் அவளுக்குப் பக்கத்தில் வந்து நின்றார். அவரும் அவளும் ஒரே கட்சி.

“எனக்கு முதலே ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாம், பிள்ளை.”

“சொல்லியிருந்தா என்ர துண்டை மாத்தியிருப்பியள், ஐயா.”

அவர் மென்று விழுங்கினார். “ஓம்,” என்றார். “மாத்தியிருப்பன்.” இன்னொரு வாய் கடித்து, “அடுத்த முறை பட்டியல் போடேக்க இதையும் யோசிப்பினம்,” என்று சொல்லிவிட்டுக் குடையை விரித்துக்கொண்டு நடந்தார். அது மிரட்டலா, உள்ளதைச் சொன்னாரா என்று அவளுக்குப் பிடிபடவில்லை. இரண்டும்தான் என்று பிறகு நினைத்தாள்.

வீட்டுக்கு வந்து நடந்ததைச் சொன்னாள். லோஜன் வலையிலிருந்து தலையெடுக்காமல் கேட்டான். எல்லாம் முடிந்த பிறகு, “லைட்?” என்றான்.

“அடுத்த மாசம்.”

அவன் நூலைப் பல்லால் கடித்து அறுத்தான்.

பங்குனி முதற் கிழமை, கடல் எண்ணெய் ஊற்றினது போலக் கிடந்த ஒரு விடியலில் நாவலடிப் பாட்டில் முதல் வளைப்பு வளைத்தார்கள். கட்டைகளைச் சபை ஆட்கள் வந்து பிடுங்கிக்கொண்டு போயிருந்தார்கள். குழிகள் மட்டும் பாதி தூர்ந்தும் தூராமலும் கிடந்தன. கற்பூரம் கொளுத்தித் தேங்காய் உடைத்த இடத்தைச் சுற்றி நாய்கள் நின்றன. சிவாஜினி பிளேன்ரீக் கேத்திலோடு கரைக்கு வந்தபோது கயிறு பாதி ஏறியிருந்தது. வலக்கைக் கூட்டம் ஒரு ஆளில் குறைவாக இருந்தது. கேத்திலை மணலில் வைத்துவிட்டு, சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு கயிற்றைப் பிடித்தாள். கலியாணம் முடித்த புதிதில் பிடித்தது. உள்ளங்கை அதை மறந்துபோயிருந்தது. ஈரக் கயிறு முள்ளாய்க் குத்தியது. பின்னுக்கு, பின்னுக்கு நடந்தாள். குதிக்கால் ஒரு கட்டைக் குழியில் இறங்கி மடங்க, தடுமாறி முழங்காலில் விழுந்து, எழும்பி மறுபடி பிடித்தாள். இழுவைக்கு அம்பா பாடிக்கொண்டிருந்தவன் பாட்டை நிற்பாட்டவில்லை. கயிறும் நிற்கவில்லை.

மடி கரையில் கிடந்து துடித்தது. பெரிய மீன்பாடு என்று சொல்ல ஏலாது. சூடைதான் அதிகம், கொஞ்சம் நெத்தலி, நாலைந்து பாரைக்குட்டி. முதல் வளைப்புக்கு இது போதும் என்று ஆட்கள் பேசிக்கொண்டார்கள்.

தொலைபேசி அடித்தது. செதில் ஒட்டிய கையால் அவள் எடுத்தாள். இஹ்ஸான். அடுத்த கூட்டத்துக்குத் துண்டு எழுதுகிறேன், எந்த இலக்கத்துக்கு உங்கள் பெயரைப் போட என்று கேட்டார்.

“தெருவிளக்குக்குப் போடுங்கோ தம்பி, அது நான் கேட்டது. மற்றதுகளுக்கு வெறுமையா விடுங்கோ. உறை வரட்டும். படிச்சுப்போட்டுச் சொல்லுறன்.”

லோஜன் மணலில் குந்தியிருந்து கறிக்கான கூறுகளைப் பிரித்துக்கொண்டிருந்தான். விற்கிற மீன் பெட்டிக்குப் போன பிறகு, இழுத்தவர்களுக்குக் குவியல் குவியலாக வைக்கிற கூறு. ஒன்றில் கூடினதை எடுத்துக் குறைந்ததில் போட்டு, ஒரே அளவாக்கிக்கொண்டு வந்தான். கனகமணி பக்கத்தில் நின்று விரலால் எண்ணினாள்.

“தம்பி, இண்டைக்கு ஒரு ஆள் வரேல்லை. இருபத்தொரு பேர். நீ இருபத்திரண்டு கூறு வைச்சிருக்கிறாய்.”

அவன் நிமிரவில்லை. கடைசிக் குவியலில் நின்ற ஒரு பாரைக்குட்டியை நேராக வைத்தான்.

“கயித்தில கை வைச்சவைக்குக் கூறு உண்டு,” என்றான்.

கனகமணி குனிந்து அந்தக் குவியலை அள்ளி, பிளேன்ரீ முடிந்து வெறுமையாகக் கிடந்த சிவாஜினியின் கேத்திலின் மூடியைத் திறந்து அதற்குள் போட்டாள்.